மணக்காத ஒன்று

கொசப்பேட்டை மாடியில் பதினொரு தொட்டி.
துளசி, திருநீற்றுப்பச்சை, ஓமவல்லி,
பக்கத்துத் தொட்டிக்கும் காலை நீட்டிவிட்ட புதினா.
காரத்தில் விழுந்ததும் பச்சையெல்லாம் பழுப்பு,
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
செவ்வந்தி இதழ் மட்டும் மஞ்சளாகவே நிற்கும்,
திமிர் பிடித்தது.

காந்தி ரோடு லாட்ஜிலிருந்து வந்தாள்
மால்டாக்காரி. தலையில் துணி.
ஒவ்வொரு சோப்பாக முகர்ந்தவள்
வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.
வெட்டிவேருக்குமா?
வெட்டிவேருக்கும்தான்.
"ஊசி ஏறினதிலிருந்து இப்படி" என்றார் புருஷன்,
பாதி இந்தி, பாதி கை.
"எதுவுமே மணக்காத ஒன்று கிடைக்குமா?"

ஆறு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

அன்று ராத்திரி, பகல் வெயில் இன்னும் இறங்காத சமையலறையில்
மணம் நீக்கிய தேங்காயெண்ணெய்,
கொஞ்சம் ஆமணக்கு, காரம், தண்ணீர்.
மூன்று முறை நிறுத்தேன்.
கலக்கும்போது கை தானாகத் துளசிக் கிண்ணத்துக்குப் போனது.
இழுத்துக்கொண்டேன்.

மறுநாள், "ஆறு வாரம் ஆறணும்" என்றேன்.
அவர் ஆஸ்பத்திரிச் சீட்டை விரித்துக் காட்டினார்:
அடுத்த செக்கப் நாற்பத்தைந்தாம் நாள்.
காட்பாடியில் அன்றிரவே ரயில்.

மற்றதின் வாசம் ஏறிவிடுமென்று
அந்த ஒரு கட்டியை மட்டும்
படுக்கையறை ஜன்னலுக்கு மாற்றினேன்.
அடியில் காக்கிக் காகிதம், பென்சிலில் அவள் பேர்:
ஷியூலி.
பவழமல்லியை அங்கே அப்படிச் சொல்வார்களாம்,
அப்புறம்தான் தெரிந்தது.

இன்றைக்கு இருபத்திமூன்று.
விளக்கணைக்குமுன் எடுத்து முகர்கிறேன்.
ஒன்றுமில்லை.
திருப்பிப்போட்டு, இன்னொரு தரம்.
ஒன்றுமேயில்லை.