நாலாயிரம்

கையேட்டை யாரோ கடலோரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.
உயரழுத்தக் கம்பிகளுக்கு இடையே
இரண்டு விரல் போதும் என்கிறது.
கடலே இல்லாத பொலிவியாவில்,
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
காற்றுக்குச் சதை இல்லை.
பொறி சும்மா தாவிவிடும்.
நான்கு விரல் விட்டேன்.
"உன் விரலா செவெரினா, என் விரலா?" என்றான் பெர்மீன்.

மூன்று டிரான்ஸ்பார்மர்கள்.
இரண்டு, மூடிக்கிடந்த வெள்ளீயச் சுரங்கத்தின் கிடங்கில் கிடைத்தவை.
ஒன்று ஒரூரோ சந்தையில்
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால்
எடைக்கு வாங்கியது.
முதற்சுற்றுகளை முக்கோணமாக,
துணைச்சுற்றுகளை நட்சத்திரமாகக் கட்டினோம்.
ஆறு கால்; காலுக்கு எட்டு டையோடு.

"எதற்கு மூன்று? ஒன்று போதாதா?"
"சுரங்கத்தில் எதற்கு மூன்று ஷிஃப்ட்?"
யோசித்தான்.
"ஒருத்தன் கை தளருமுன்
அடுத்தவன் சம்மட்டியை வாங்கிக்கொள்ள."
"அதேதான். டையோடு வாசல் காவலன்.
உள்ளே விடுவான், திரும்ப விடமாட்டான்."
சொன்ன பிறகுதான்
அவன் அண்ணன் நினைவு வந்தது.
பெர்மீன் குனிந்து
ஏற்கனவே இறுகியிருந்த திருகை
இன்னொருமுறை இறுக்கினான்.

முதல் முயற்சி:
முள் மூவாயிரத்தைத் தொடாமல் தள்ளாடியது.
ஸ்பீக்கரில் தடித்த உறுமல்,
சரிவில் ஏறும் பழைய லாரி போல.

அணைத்தோம்.
அணைத்தாலும் மின்தேக்கி மறப்பதில்லை;
கொக்கிக் கோலால் தொட்டதும்
சாட்டையாய் ஒரு சொடுக்கு.
பிறகு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு முள் மீட்டர்.
பேட்டரி தொட்ட கணத்தில்
இரண்டு டிரான்ஸ்பார்மர்கள் முள்ளை வலப்பக்கம் தள்ளின.
சந்தைக்காரன் மட்டும் இடப்பக்கம்.
எவனோ புள்ளியைத் தப்பான முனையில் வைத்திருக்கிறான்.
புள்ளி பிசகினால் எழுத்து மாறும்;
இங்கே ஒரு மலைக்கே பேச்சு குழறும்.
பழையதைச் சுரண்டிவிட்டு
என் சிவப்பு நகப்பூச்சில் புதுப் புள்ளி வைத்தேன்.
இரண்டு கம்பிகள் இடம் மாறின.

இரவு ஏழு மணி.
ஒரு கை பாக்கெட்டில், மறு கை சுவிட்சில்.
முள் ஏறி நாலாயிரத்தில் நின்றது.
மலையும் நாலாயிரம் என்று
பெர்மீன் சொல்ல வாயெடுத்தான்;
நான் கையமர்த்தினேன்.
உறுமல் குளவியின் ரீங்காரமாய் உயர்ந்து மெலிந்து
பிறகு தேடினாலும் கேட்கவில்லை.

அறிவிப்பாளர் நிக்கனோரா
இன்னும் படியேறிக்கொண்டிருந்தாள், மூச்சிரைக்க.
அதுவரை ஒரு சொல்லும் இல்லாமல்
வெறும் மௌனத்தை ஒலிபரப்பினோம்.

தொலைபேசி அடித்தது. கீழ்முகாம்.
"ரேடியோவில் இரைச்சல் நின்றுவிட்டது.
யாராவது இருக்கிறீர்களா?"

"இருக்கிறோம்" என்றேன்,
மைக்கில் அல்ல,
தொலைபேசியில்.