இரண்டு என்றால் இழு

வாசல் அறையோடு நின்றுவிட்டது நெட்.
"இதுக்கு மேல வயர் வராதுக்கா,
சவம், அளந்துல்லா குடுக்கான் கம்பெனிக்காரன்"
என்று பெட்டியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான் கொம்பையா.
எனக்கு வேலை முற்றம் தாண்டிய பின்னறையில்.
நடுவே ஐந்து சுவர்.
மூன்று கருங்கல், ஒன்று செங்கல்,
ஒன்று மாமனார் வாங்கிப் போட்ட இரும்பு பீரோ.
அதையும் சுவர்க் கணக்கில்தான் எழுதினோம்.

சமாதானபுரத்தில் இந்த வீட்டை
ரயில் மாதிரி நீட்டிக் கட்டியவருக்கு
கடைசிப் பெட்டியில் ஒருத்தி உட்கார்ந்து
கைகளை வாசிப்பாள் என்று எப்படித் தெரியும்?

காது கேளாதவர்கள் என்னைத் திரையில் கூப்பிடுவார்கள்.
அவர்கள் கையால் சொல்வதை நான் வாயால் சொல்வேன்,
பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு, கரண்டு ஆபீசுக்கு.
குரல் விட்டுவிட்டு வந்தால்
பாதிச் சொல்லைக் கொண்டு மீதியை ஊகிக்கலாம்.
கை அப்படி இல்லை.

போன மாதம் ஹைகிரவுண்டில் ஒரு பெண்.
வலி எங்கே என்கிறார் டாக்டர்.
கிளம்பிய கை
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே
சதுரம் சதுரமாக உடைந்து நின்றது.
பதினோரு நொடி.
"மேடம், என்ன சொல்லுதாங்க?"
நான் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்னலை நீட்டுகிற பெட்டி வாங்கினோம்,
அதுவும் பீரோவுக்குப் பயந்தது.
கரண்டு வயரிலேயே நெட் ஓட்டும் ஜோடி வாங்கினோம்.
பின்னறைக்கு வேறு ஃபேஸாம்.
ஒன்றை ஒன்று அறியாமல்
இரண்டும் சிவப்பாக எரிந்தன.

வயரே இழுப்போம் என்றார் செல்வின்,
இடது உள்ளங்கையில் ஒரு விரலால் கோடு போட்டு.
அவருக்கும் காது கேட்காது.
இந்த மொழி எனக்குக் கல்யாணச் சீராக வந்தது.

முப்பத்தோரு மீட்டர். வண்ணார்பேட்டையில் பைப்பு.
டிரில்லை ஒரு கையில் அழுத்தி
மறு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.
கல் முடிந்து சுண்ணாம்பு வந்ததும்
சுண்ணாம்பு முடிந்து காற்று வந்ததும்
அந்த உள்ளங்கைக்குத் தெரிந்தது.
எனக்கு வெறும் இரைச்சல்.

வயர் இழுப்பவர்கள் இரண்டு முனையில் நின்று கத்துவார்கள்:
இழுல, நில்லுல, பைய விடுல.
எங்கள் வீட்டில் கத்தி என்ன ஆகப்போகிறது,
பீரோவுக்குப் பின்னால் கையும் தெரியாது.
ஆகவே நைலான் கயிறு.
ஒன்று என்றால் நில்.
இரண்டு என்றால் இழு.
வயருக்குக் குழந்தைப் பவுடர் பூசி
பரண் வழியாக, அடுக்களை மேலாக,
துணிக்கொடியின் கீழே முற்றம் கடந்து
ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று.

திடீரென்று மூன்று.

மூன்றை நாங்கள் பேசி வைக்கவில்லை.
ஏணி சரிந்ததோ என்று ஐந்து சுவரும் ஓடினேன்.
ஏணி உச்சியில் சுண்ணாம்புத் தலையோடு உட்கார்ந்து
விரலைக் குவித்து உதட்டில் சாய்க்கிறார்.
டீ.

எட்டு நிறத்தையும் வரிசையாய் நறுக்கிக் கவ்வினோம்.
சோதித்தால் ஏழு விளக்குதான்.
ஐந்தாவது, நீலக்கோடு போட்ட வெள்ளை, இருட்டு.
ஓடத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக,
ஏழு போதுமே என்றேன்.
அவர் முகம் போன போக்கு!
சுண்டுவிரலை மடக்கி வைத்துக்கொண்டு
என் பெயரைக் கையால் சொல்லிக் காட்டினார்.
வேறு யாரையோ கூப்பிட்டது போல இருந்தது.
நறுக்கி, மறுபடி கவ்வினோம்.

இன்று கடையநல்லூரிலிருந்து ஒருவர்,
கரண்டு பில் இரண்டு மடங்கு வந்த கோபத்தில்.
மோதிரம் வரை தெரிகிறது.
எத்தனை வேகமாகத் திட்டுகிறார்,
ஒரு விரலும் உதிரவில்லை!
ஆபீசுக்குக் கொஞ்சம் மரியாதை கலந்துதான் சொன்னேன்.

பைப்புக்குள் கயிற்றை அப்படியே விட்டிருக்கிறோம்.
நாளைக்கு இன்னொரு வயர் இழுக்க வேண்டிவந்தால் உதவும்.
சுவிட்சுப் பெட்டியோரம் தொங்குகிற முனை
இப்போது ஆடுகிறது.
மூன்று.
திரையில் அவர் இன்னும் மீட்டரை விடவில்லை.
இடது கையை மட்டும் நீட்டி
ஒரே ஒரு தடவை இழுக்கிறேன்.