ரெண்டு கதவு

கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் யார்ட்.
பதினொரு வேன், நாலு த்ரீவீல், ஒரு ட்ராக்டர்,
மூலையில் தார்ப்பாய்க்குக் கீழ் அது:
சிவப்பு, ரெண்டு கதவு, கூரை திறக்கும்,
நிலத்திலிருந்து ஒரு சாண்கூட இல்லை.

வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.
மறுகா வேனுக்கு விலை கேட்பான்.

முதலில் எடுத்தது சம்மாந்துறை ஜெஸீல்.
அந்த வருஷம் மாரி பிசகவில்லை,
ஆலைக்காரர் நெல்லுக்கு வீடு தேடி வந்தார்கள்.
பதினெட்டு ஏக்கர் வேளாண்மை
வட்டையிலிருந்து மூட்டையாய்ப் போய்
யோக்கோஹாமா ஏலத்தாளாய்த் திரும்பியது.
நாலரைப் புள்ளி, உள்ளே பி தரம்.
அந்தத் தாளைப் பெண் படம் மாதிரிக் காட்டித் திரிந்தான்.

அடுத்த போகம் அறக்கொட்டி.
கார் எனக்கு வந்தது, பாதி விலைக்கு.

விலை ஏறுவதும் இறங்குவதும்
எஞ்சினுக்குள் நடக்கிற காரியம் என்றிருந்தேன்.
குதிரைவலு, மைலேஜ், பெயின்ட் கனம்.
கொழும்பில் யாரோ ஒரு கையெழுத்து வைத்தார்,
இறக்குமதிக்குத் தடை;
விடிந்து பார்த்தால் தார்ப்பாய்க்குக் கீழ்
ஐந்து இலட்சம் கூடுதலாய்ப் படுத்திருந்தது.

பெற்றோல் இல்லாத வருஷம் நினைவிருக்கா?
காரைதீவு ஷெட்டில் தொடங்கி மாளிகைக்காடு தாண்டி வரிசை.
இதையும் தள்ளிக்கொண்டு நின்றோம்
நானும் மருமகன் நிப்லாவும்.
இவ்வளவு பதிந்த வண்டியைக் குனிந்து தள்ள முதுகு முறியும்.
பக்கத்தில் சைக்கிளில் போனவர்
"தம்பி, இது ஓடினா என்ன வேகம்?" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை. வெயில் அப்படி.
அந்தக் கிழமையே டொலர் ஏறி
ஓடாத வண்டிக்கு விலை ஓடியது.

கத்தாரிலிருந்து ஒருவன் வட்ஸ்அப்பில் கேட்டான்:
எஞ்சின் சத்தத்தை மட்டும் அனுப்புங்க காக்கா.
இருந்த அரை லீற்றரில் ரெண்டு நிமிஷம் உறுமவைத்தேன்.
மறு மாதம் அவனுக்கு வேலை போயிற்று.
சத்தம் இன்னும் அவனுடைய போனில் இருக்கும்.

ஒருக்கா கலியாணத்துக்கு வாடகைக்கு விட்டேன்.
மாப்பிள்ளையின் தொப்பி பறந்து
நற்பிட்டிமுனை வயலுக்குள் விழுந்தது.
வாடகையில் பாதி தொப்பிக்குப் போனது.

இப்போது தடை இல்லை.
நீங்கப்போகுது என்ற கதைக்கே பத்து இலட்சம் இறங்கியது,
நீங்கின பிறகு வரி வந்து அதில் பாதியை ஏற்றிவிட்டது.
உப்புக்காற்று யாரையும் கேளாமல்
பின் சில்லு வளைவைத் தின்னுகிறது.
அதற்கு மட்டும் தடையுமில்லை வரியுமில்லை.

நேற்றுப் பின்னேரம் டொக்டர் தயாளினி வந்தா.
பாண்டிருப்பு. அறுபது தாண்டியிருக்கும்.
பென்ஷன் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு நேரே வந்தவ.
அக்கரைப்பற்றுக்குப் போய்வர
எத்தனை வேகத்தடை தெரியுமா என்றேன்.
தெரியும் என்றா.
பின் சீற் இல்லை என்றேன்.
நல்லம் என்றா.
துருவையும் காட்டினேன். தரகன் செய்யிற வேலையில்லை அது.
ஏறி இருந்து சாவியைத் திருப்பினா, கூரையைத் திறந்தா.
மழை தூறத் தொடங்கியது. மூடவில்லை.

விலையைச் சொல்லுங்க என்றா.
காலையில் எழுதின இலக்கம் சட்டைப்பையில் கிடந்தது.
கொஞ்சம் பொறுங்க டொக்டர் என்றேன்.

அவ வைப்பரைப் போட்டா.
கண்ணாடி துடைபட்டது,
மழை மடியில் விழுந்தது.