பின்பாரம்

கடையில் அதற்குப் பெயர் கேரி-ஆல்.
எல்லாவற்றையும் சுமக்குமாம்.
நூற்றுத் தொண்ணூறு டாலர் கொடுத்தால் கையில் வருவது
கறுப்புப் பூச்சடித்த இரும்புச் சட்டம் ஒன்று,
முதுகும் நீட்டிய இரண்டு கைகளும் மட்டும்.
பலகை நம் பாடு.

பலகை என்னிடம் இருந்தது.
முன்கதவிலிருந்து கார் நிற்கும் இடம் வரை
பதினான்கு அடி இறங்கும் சாய்தளம்.
வெர்னின் சக்கர நாற்காலிக்காக
லூத்தரன் சபை ஆட்கள்
ஒரே சனிக்கிழமையில் அடித்துக் கொடுத்தது.
பதினோரு மாதம் உழைத்தது.
பிறகு இரண்டு குளிர்காலம்
அதன் மேல் விழுந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தேன்,
யாருக்கு என்று கேட்டுக்கொள்ளாமல்.

அக்டோபரில்
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டு வந்து
நாளுக்கு மூன்று பலகை கழற்றினேன்.
திருகாணிகள் துருவேறித் தலை மழுங்கி
திருப்புளிக்கு மசியவில்லை.
கடப்பாரை பேசிப் பார்த்தது.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வந்த காற்று
மரத்தூளை என் பல்லில் பூசியது.

அளவில் நான் சுமார்.
சாண் போட்டு, கண்ணால் கூட்டி,
மிச்சத்தை ரம்பத்திடம் விட்டுவிடுகிறவள்.
இடப்பக்கம் இரண்டு விரற்கடை கூடுதல்:
தூக்கினால் டயரில் உரசும்.
அறுத்தேன்.
முழுக்கத் தூக்கினால் மேடை முன்சாய்ந்து
என் இருக்கையின் முதுகைக் குத்தும்.
மேலே குறுக்கே போகும் தண்டை
திருகி, இறக்கி, பார்த்து, மறுபடி திருகி,
ஒரு மாலை முழுக்க
பூட்டும் கொண்டியொன்று புல்லில் விழுந்து
கண்ணில் படவேயில்லை.
ஆணியை வளைத்து மாட்டினேன்.
டீசல் மூடியைத் திறக்க
மேடையை இறக்கித்தான் ஆகவேண்டும் என்பது
எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தது.
தெரிந்து என்ன.

முதல் பாரம் விறகு.
மேப்பிள், பச்சை வாடாதது,
ஆசை தீர அடுக்கினேன்.
ஓடைக்கு மேலே ஏறும் சரிவில்
முன்சக்கரங்கள் தரையை விட்டன.
ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்.
திரும்பியது, ஸ்டீயரிங் மட்டும்.
இருபத்துமூன்று குதிரைச் சக்தி ஆரஞ்சுக் குட்டி
மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தபடி
தன் இஷ்டத்துக்கு ஓடைப்பக்கம் நகர்ந்தது.
பின்னால் மட்டும் பாரம் ஏற்றி வைத்தால்
எந்த வண்டிதான் சொன்ன பேச்சு கேட்கும்.
நெம்புகோலைத் தள்ளினேன்.
மேடை மண்ணில் உட்கார்ந்தது.
மூக்கும் இறங்கியது.
ஓடைக்கு இன்னும் இரண்டு கஜம்.
கொஞ்ச நேரம் இன்ஜினை அணைக்கவில்லை,
என் சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது என்று.

வேலிக்கு அப்பால் பார்த்திருக்க வேண்டும்
ஓர்வில் பெல்ட்டோனென்.
மறுநாள் வந்தார்,
வாளிகள் இரண்டு, கழுத்துவரை கான்கிரீட்,
இறுகுவதற்கு முன் செருகிய கொக்கிகளோடு.
முன்கம்பியில் மாட்டினார்.
"முன்னால் எடை, ஆர்டிஸ்."
வார்த்தையை டீசல் போல
அளந்து ஊற்றுகிற மனிதர்.
காபி வேண்டாம் என்று தலையால் சொன்னார்.

அதற்குப் பிறகு அது சுமந்தவை:
உப்பு மூட்டை, ஜெனரேட்டர்,
நவம்பரில் என் தங்கை மகன் சுட்ட மான்,
கொம்பு ஒருபக்கம் தொங்க.
சவுனாவுக்குப் புதுக் கற்கள்.
ஒரு ஞாயிறு, எதுவும் இல்லாமல்
சும்மா நாலு சுற்று.

மார்ச்சில் ஓர்வில் இரவல் கேட்டார்.
துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை
நிலவறையிலிருந்து ஏற்றியாகிவிட்டது,
சாலைவரை கொண்டுபோக வேண்டும்.
கயிறு கட்டக் குனிந்தவர்
பலகையில் விரலை ஓட்டினார்.
மணல் ஒட்டிய கறுப்புப் பட்டைகள்,
அடிக்கொன்று, நடுவில் மட்டும்
இரண்டு கோடாகத் தேய்ந்திருந்தன.

"இது எதற்கு?"

"வழுக்காமல் இருக்க," என்றேன்.

பொய்யில்லை.
இயந்திரத்தை ஆட்டிப் பார்த்தார்.
அசையவில்லை.