கசிவு

நாற்பத்தொரு மின்னஞ்சல் அனுப்பினேன்.
இரண்டு பதில் வந்தது.
ஒன்று, பதினெட்டு வயது ஆகட்டும் என்றது.
இன்னொன்று, ஞாயிறு காலை எட்டு மணி,
விரல் மூடிய காலணி அவசியம் என்றது.

அம்மா கேட்ட முதல் கேள்வி, சம்பளம்.
இல்லை என்றதும் பஸ் காசைக் கணக்குப் போட்டாள்.
ரூவியிலிருந்து அல் கூத் போக ஒரு மணி நேரம்,
திரும்பி வர ஒன்றேகால்.
வகுப்பில் பாதிப் பேர் விடுமுறைக்குப் பறந்துவிட்டார்கள்,
மீதிப் பேர் நுழைவுத்தேர்வுப் பயிற்சியில்,
ஏசி போட்ட அறையில்.
நான் நிறுத்தத்தில் நின்றேன். எதிரே மலை,
இறக்கி வைக்க மறந்த தோசைக்கல்.

கழுத்தில் 'விருந்தினர்' என்று ஓர் அட்டை.
மஸ்கட்டிலேயே பிறந்தவள் நான்;
அதில் புதிதாக ஒன்றுமில்லை.

வேலை என்னவென்று அப்பா கேட்டார்.
ஓர் எஃகுக் கலத்திலிருந்து காற்றை எல்லாம் வெளியேற்றுவது.
எல்லாம் என்றால்?
கிட்டத்தட்ட எல்லாம்.
அப்புறம்?
அப்புறம்தான் பரிசோதனை. அது அவர்கள் வேலை.
என் நோட்டில் 'வெற்றிடம்' என்று எழுதியிருந்ததை
வெற்றி, இடம் என்று பிரித்துப் படித்து மகிழ்ந்தார்.
பள்ளியில் தமிழ்தான் என் இரண்டாம் மொழி.
புணர்ச்சி விதி தெரியும்.
திருத்தவில்லை.

மூன்று வாரம்.
மானியில் எண், பத்தின் அடுக்கு கழித்தல் மூன்றில்
உட்கார்ந்துகொண்டது.
அதற்குக் கீழே இறங்க அதற்கு மனசில்லை.
துடைத்தோம், மாட்டினோம், மறுபடி கழற்றினோம்.
மூடிக்குப் பதினாறு போல்ட்;
எதிரெதிராக முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும்.
வீட்டுக்கு வந்தும் விரல்களில் பம்ப் எண்ணெய் வாசனை,
ரசத்திலும் அதே வாசனை.

ஹீலியம் என்றால் அதுவரை எனக்குப் பிறந்தநாள் பலூன்.
இங்கே ஊசிமுனையால் ஒவ்வோர் இணைப்பிலும் அதை ஊதி
எங்கே கருவி கத்துகிறது என்று பார்க்கிறார்கள்.
மைசா ஊதினாள், நான் எண் படித்தேன்.
வியாழன் மாலை, ஏழாவது இணைப்பில்,
முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் திறக்காத இணைப்பில்,
கத்தியது.

கறுப்பு ரப்பர் வளையத்தின் குறுக்கே
கறுப்பாக ஒரு முடி.

மைசா இடுக்கியால் எடுத்து விளக்கில் பிடித்தாள்.
ரோடெல் தன் மொட்டைத் தலையைத் தடவி,
"நான் இல்லை" என்றார்.
டாக்டர் இத்ரீஸுக்கு முழு நரை.
மைசாவின் முடியை அந்த அறை பார்த்ததே இல்லை.
நான் ஸ்கேல் எடுத்து அளந்தேன், ஏதாவது செய்ய வேண்டுமே.
முப்பத்தொரு சென்டிமீட்டர்.
நுனியில் அம்மா வைத்துவிட்ட மருதாணிச் சிவப்பு.
யாரும் என்னைப் பார்க்கவில்லை,
அதுவே எல்லாரும் பார்த்தது போல இருந்தது.

மயிரிழையில் தப்பினான் என்பார்கள்.
மயிரிழையில் மாட்டியவளுக்கு
ஏதும் சொல்வழக்கு இருக்கிறதா தெரியவில்லை.

பதிவேட்டில் எழுத வேண்டியது என் முறை.
'முடி ஒன்று கண்டறியப்பட்டது.'
ஆய்வுத்தாள்களில் எல்லாமே இப்படித்தான்,
பட்டது, பட்டது, பட்டது.
கலம் திறக்கப்பட்டது, கண்ணாடி உடைக்கப்பட்டது,
யாருமே எதையும் செய்வதில்லை.
அடித்துவிட்டு எழுதினேன்:
'என் முடி. ஜூலை 28, நான் மாட்டியபோது விழுந்தது.
தலைவலை போடவில்லை.'
கையெழுத்துக் கட்டத்தில் 'ஊழியர்' என்றிருந்தது.
பக்கத்து ஓரத்தில் போட்டேன்.

புது வளையம். தலையில் வலை.
பதினாறு போல்ட், எதிரெதிராக.
பம்ப் உறுமித் தொடங்கியபோது
ஆறு இருபது பஸ் போய்விட்டிருந்தது.

ஏழு மணிக்கு அப்பா.
"இறங்கிட்டியாம்மா?"
கழித்தல் நான்கு.
அதில் ஒன்பது, ஏழு, ஐந்து, பார்க்கப் பார்க்க மூன்று,
இதோ கழித்தல் ஐந்து.
"இறங்கிட்டிருக்குப்பா," என்றேன்,
"இறங்கிட்டே இருக்கு."

"எந்த ஸ்டாப்பும்மா?"