பெரிய வியாழன், லிங்கராஜபுரம்

டயர் கடைக்கு மேலே எங்கள் சபை.
படியேறும்போதே ரப்பர் வாடை.
ஜெபத்தின் நடுவே கீழே கம்ப்ரசர்
நாங்கள் ஆமென் சொல்லுமுன்
பெருமூச்சு விட்டு நின்றுவிடும்.

தாய்ச்சபையை விட்டு வந்தபோது
எழுபத்திரண்டு குடும்பம் நாங்கள்.
கமிட்டித் தேர்தலில் பிரியாணிப் பொட்டலத்தோடு
சாதிக் கணக்கும் கைமாறியது.
வெளியேறினோம்.
அது நியாயம்தான், இன்றும் சொல்வேன்.

பிறகு ஞானஸ்நானம்:
தெளிப்பதா, முழுக்குவதா?
முப்பது குடும்பம் பானஸ்வாடிக்குப் போயிற்று.
முக்காட்டுச் சண்டையில் பன்னிரண்டு.
மூன்றாவது சண்டை எதற்கென்று மறந்துவிட்டது,
பத்தொன்பது.
மிச்சம் பதினொன்று.
யூதாஸ் போனபின் சீஷர்கள் எத்தனை பேர்,
எண்ணிப் பாருங்கள் என்றேன் பிரசங்கத்தில்.
வங்கியில் இருபத்தொன்பது வருடம் இருந்தவன்,
கழித்ததை வரவில் எழுதியது
இந்த ஒரு பேரேட்டில்தான்.

சாட்சி சொல்ல எழுந்தால்
பாவிகளில் பெரிய பாவி நானே என்பேன்.
அந்த வரிசையிலும் இரண்டாமிடம்
எனக்கு ஒத்துவரவில்லை.
ஆலயத்தில் தன்னைப் புகழ்ந்து நின்ற பரிசேயனைப் போல
என்னைப் படைக்காததற்கு
முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செலுத்தியிருக்கிறேன்.

புதன்கிழமை வகுப்பில் திருச்சபை வரலாறு.
வட ஆப்பிரிக்காவில் வாளுக்கு அஞ்சாதவர்கள்,
அஞ்சி ஓடியவர்கள் அழுதுகொண்டு திரும்பியபோது
கதவைச் சாத்திய கதையை
கதவின் பக்கம் நின்று சொன்னேன்.
சிரியாவில் தூண்மேல் வாழ்ந்த ஒரு துறவி:
ஆறு முழத் தூண் நாற்பது முழமாக உயர்ந்ததைச் சொன்னேன்.
பெருமையா பக்தியா என்று சோதிக்க
இறங்கி வா என்று பெரியோர்கள் ஆளனுப்பினார்களாம்.
கேட்ட நொடியே அவர்
ஒரு காலைக் கீழே நீட்டினாராம்.
நேரமில்லை என்று
அந்தக் காலை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் பெரிய வியாழன்,
கால் கழுவும் ஆராதனை.
யார் காலென்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன்.
மாசிலாமணி.
தங்கவயலில் சுரங்கம் மூடியபின் வந்தவர்,
மாநகராட்சிக் குப்பை ஆட்டோவில்
விடியற்காலை ஐந்திலிருந்து நிற்பவர்.
அவர் நாற்காலியைக் கடைசியாகப் போடச் சொன்னேன்,
டியூப்லைட்டுக்கு நேர் கீழே.
தண்ணீரில் டெட்டால் ஊற்றப்போன மனைவியைத் தடுத்தேன்.
நாற்றம் இருந்தால்தானே
அன்பு தெரியும்.

செருப்பைக் கழற்றினார்.
ஒட்ட வெட்டிய நகங்கள்.
பித்தவெடிப்பில் கல் தேய்த்த சிவப்பு.
லைஃப்பாய் வாசம்.
"ஐயா கை அழுக்காயிடக் கூடாதுன்னு
மூணு தரம் தேய்ச்சேன்"
என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஊற்றினேன். துடைத்தேன்.
பேசினில் தண்ணீர்
குழாயில் பிடித்தபடியே தெளிவாக இருந்தது.

எனக்குள் வந்தது நன்றி இல்லை.
ஏமாற்றம்.
பரிமாற இலை போட்டுவிட்டு
விருந்தாளி சாப்பிட்டு வந்தது தெரிந்தவனைப் போல.
அவருடைய அழுக்கு எனக்கு வேண்டியிருந்தது.
அதில் ஒரு துளியும் மிச்சம் வைக்காமல்
வீட்டிலேயே கழுவிவிட்டார்,
என் பொருட்டு.

எழப்பார்த்தேன். முழங்கால் பூட்டிக்கொண்டது.
பத்துக் குடும்பமும் கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தது.
மாசிலாமணி வெறுங்காலோடு குனிந்து
அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.
"மெதுவா ஐயா."
பேசினையும் அவரே எடுத்துப் போனார்.
கீழே கம்ப்ரசர் ஒருமுறை
மூச்சு விட்டது.

அடுத்த புதன்
அந்தத் துறவியின் காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்,
இந்தக் காலைப் பற்றியும்.
நினைத்த மாத்திரத்தில்
தொண்டை கம்ம, எங்கே நிறுத்துவேன்,
யார் கண்ணைத் துடைப்பார்கள் என்பதெல்லாம்
காதில் கேட்டுவிட்டது.

இதை எழுதும்போதும்
கேட்கிறது.