தகட்டின் கடைசி வரி

கீழக்கரையில், தொதல் கிண்டும் அடுப்புக்கும்
பூட்டிக் கிடக்கும் ஜவுளிக் கிடங்குக்கும் நடுவே
ஒரு கொட்டகை. உள்ளே தார்ப்பாய்.
தார்ப்பாய்க்குள் கார்.
வாங்கப்போகிறவர் கோயம்புத்தூர்க்காரர்.
விற்கிறவர் சொல்வது இருக்கட்டும்,
வண்டி என்ன சொல்கிறதென்று கேட்டு வா என
என்னை அனுப்பியிருக்கிறார்.

பானெட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
ரேடியேட்டரை விட்டு ஒரு பல்லி இறங்கிப் போனது,
வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரர் போல, அவசரமில்லாமல்.

தகடு உள்ளங்கையளவு. மூலைக்கொரு ரிவெட்.
மூன்று ஆலையில் அடித்தவை.
நான்காவது செம்பு ஆணி,
வல்லத்துப் பலகைக்கு அடிப்பது.
யாரோ ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள்.
குறித்துக்கொண்டேன்.

உப்பு எழுத்தைத் தின்னும் விதம் எனக்குத் தெரியும்.
எட்டு மூன்றாகும். ஆறு பூஜ்யமாகும்.
ஒன்று மட்டும் கடைசிவரை ஒன்றாக நிற்கும்.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
மெல்லிய தாளை ஒட்டவைத்து
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன்.

முதல் வரி மாடல், ஆண்டு, வலப்பக்க ஸ்டியரிங்.
அடுத்தது பாடி நம்பர்.
மூன்றாவது நிறம். கறுப்பு இல்லை.
"கறுப்புதான் மேடம். வாப்பா கறுப்பாத்தான் கப்பல்லேருந்து இறக்கினாங்க"
என்றார் செய்யது இபுறாம்சா.
கதவிடுக்கில் பிளேடால் சுரண்டினேன்.
கறுப்புக்கு அடியில் சாம்பல்,
சாம்பலுக்கு அடியில்
பாசிப்பயற்றுத் தோல் போல ஒரு பச்சை.
விரலால் தொட்டுப் பார்த்தார்.
"எழுதிக்கிடுங்க."

இன்ஜின் எண் பொருந்தவில்லை.
அதில் அவருக்கு வெட்கமில்லை:
பழைய இன்ஜின் எழுபத்தெட்டில்
ஏர்வாடிக்காரர் வல்லத்துக்குப் போனது,
இப்போது எந்தத் தண்ணீருக்கு அடியிலோ.

கடைசி வரி, கேட்டுப் போட்டவை.
எண் கிடையாது, எழுத்து மட்டும்.
ஆர், எல், எச்.
மடித்து மடித்துக் கிழிந்த ஜெராக்ஸ் பட்டியலை விரித்தேன்.
ஆர் ரேடியோ. டாஷ்போர்டில் அதன் ஓட்டை,
ஓட்டையில் குளவிக்கூடு.
எல் தோல் இருக்கை. இன்று ரெக்சின்.
எச் ஹீட்டர்.

மறுபடி தேய்த்தேன். எச்தான்.
வெளியே சித்திரை. சுவரின் பவளக்கல்லே
வியர்த்துக்கொண்டிருந்தது.
இங்கே யார் கூடுதல் காசு கொடுத்து
காருக்குள் சூடு கேட்பார்கள்?
காலடியில் டார்ச் அடித்தேன்:
ஒரு தகரப் பெட்டி, இரண்டு குழாய் முனை,
மரக்கட்டையால் இறுக்கி அடைத்தது.

"வாப்பா இதை எங்கே ஓட்டினார்?"
"கொழும்புல. கடைக்கும் தங்குற இடத்துக்கும். வேறெங்க?"
கொழும்பில் குளிர் கிடையாது.
கதவுத் தூணில், பெயிண்டுக்கு அடியில்,
விற்ற கடையின் பித்தளை வில்லை.
நான் சத்தமாகப் படிக்கவில்லை.
அவரே குனிந்து எழுத்துக்கூட்டினார்:
நுவரெலியா.

அப்புறம் கொஞ்ச நேரம் தொதல் வாசனை மட்டும்.

"வீட்ல ஒரு போட்டோ இருக்கு.
வாப்பா ஸ்வெட்டர் போட்டிருப்பாங்க.
ஸ்டுடியோக்காரன் மாட்டிவிட்டதுன்னு உம்மா சொல்லும்."
சட்டென்று என் பக்கம் திரும்பினார்.
"அந்த எழுத்து அழிஞ்சு போச்சுன்னு எழுதலாமா?
உப்புக் காத்துதானே, யாரு கேக்கப்போறா."

தெரியும் எழுத்தைத் தெரியவில்லை என்று
எழுதிப் பழகியதில்லை நான்.
அவருக்கு எதிரிலேயே எழுதினேன்:
ஹீட்டர். ஆலையில் பொருத்தியது. இயக்கத்தில் இல்லை.

அவர் கோபப்படவில்லை. தேய்த்த தாளைக் கேட்டார்.
இன்னொன்று தேய்த்துக்கொண்டு முதலாவதைக் கொடுத்தேன்.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்
செம்பு ஆணியை நகத்தால் நெருடினார்.
"கழட்டினது உம்மாவா இருக்கும்.
திருப்பி அடிச்சது யாரு?"

கோயம்புத்தூர்க்காரரிடம்
இந்த மாசம் வேண்டாமென்று சொல்லச் சொன்னார்.
தார்ப்பாயை இழுத்து மூட
ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.